ஹார்மோனைக் கெடுக்குற கெமிக்கலைப் புரோட்டீன் வழியா படிக்கணுமா: எந்த விலங்கு, எந்த முறை, காசு எதுல போடலாம்?

பிஸ்பீனால், தாலேட், பூச்சிமருந்துன்னு ஏதோ ஒரு கெமிக்கலை எடுத்துக்கிட்டு அது எலியோட ஹார்மோன் சிஸ்டத்தை என்ன பண்ணுதுன்னு புரோட்டீன் வழியா பார்க்கப் போறேன், 2டி ஜெல் (புரோட்டீனை ஜெல்ல புள்ளி புள்ளியா பிரிக்கறது) போடலாமா, மாஸ் ஸ்பெக் மெஷின்ல டிஎம்டி போடலாமா, லேபிள் இல்லாம டிஐஏ ஓட்டலாமா, இல்ல பேசாம ஜீப்ராஃபிஷ் வாங்கி எலைசாவோட (ஆண்டிபாடி வச்சு ஒரு புரோட்டீனை மட்டும் அளக்கற டெஸ்ட்) முடிச்சுக்கலாமான்னு புதுசா பிஎச்டி சேர்ந்தவங்க திரும்பத் திரும்ப கேக்குறாங்க. தனித்தனியா பதில் சொல்றதை விட மொத்தமா எழுதிடறேன். என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன், பெரும்பாலான லேபுக்கு டிஐஏ போதும், மிச்சப்படுற காசை கூடுதலா தாய் எலி வாங்கறதுலயும் தீவனம், கூண்டுலயும் போடுங்க. ஏன்னு கீழ பார்க்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஈஸ்ட்ரடயால், டெஸ்டோஸ்டிரோன், தைராக்சின் இதெல்லாம் புரோட்டீனே கிடையாது. புரோட்டியோமிக்ஸ் (ஆயிரக்கணக்கான புரோட்டீனை மொத்தமா அளக்கறது) பண்ணா ஹார்மோன் லெவல் தெரிஞ்சிடும்னு ப்ரொப்போசல்ல எழுதி வச்சிருக்கறதை நான் பார்த்திருக்கேன், தெரியாது, அதுக்குத் தனியா அளக்கணும். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் மாதிரி புரோட்டீன் ஹார்மோன்கள் கூட ரத்தத்துல ரொம்பக் கம்மி, ரத்த பிளாஸ்மாவுல பாதிக்கு மேல ஆல்புமின்தான், அந்தக் கூட்டத்துல இதுங்களைச் சாதாரண ரன்ல பிடிக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரும் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ரிசெப்டரும், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டற புரோட்டீன்கள், செல்லுக்குள்ள அவ்வளவு கம்மியா இருக்கறதால பல டேட்டாவுல கண்ணுலயே படாது. ஆக நமக்குத் தெரியறது ஹார்மோன் வந்து என்ன வேலை பார்த்துட்டுப் போச்சுங்கற தடயம்தான். அந்தத் தடயம் எந்த உறுப்புல அழுத்தமா விழுதோ அங்கதான் பார்க்கணும்.

தடயம் ரொம்ப அழுத்தமா விழற இடம்னா மீனோட ஈரல். வைட்டலோஜெனின்னு ஒரு புரோட்டீன், முட்டையோட மஞ்சள் கருவுக்கு மூலப்பொருள், பெண் மீன்ல ஈஸ்ட்ரோஜன் சொன்னா ஈரல் அதைச் செஞ்சு ரத்தத்துல விடும். ஆண் மீனுக்கும் அந்த ஜீன் இருக்கு, ஈரல்ல ரிசெப்டரும் இருக்கு, ஆனா சொல்றதுக்கு ஈஸ்ட்ரோஜன் போதாததால சும்மா கிடக்கும். தண்ணில ஈஸ்ட்ரோஜன் மாதிரி எதுவாவது கலந்துச்சுன்னா ஆண் மீன் ரத்தத்துல அது பல்லாயிரம் மடங்கு, சில நேரம் அதுக்கும் மேல ஏறும். இங்கிலாந்து ஆறுகள்ல சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணி கலக்கற இடத்துல ஜான் சம்ப்டர் குழு 90கள்ல கண்டுபிடிச்சது இதைத்தான். கனடாவுல ஒண்டாரியோவோட ஆய்வு ஏரிகள்ல ஏரி 260ல, கேரன் கிட் குழு 2001ல இருந்து 2003 வரைக்கும் கருத்தடை மாத்திரைல இருக்குற எதினைல் ஈஸ்ட்ரடயாலை லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம் அளவுல கலந்தாங்க. முதல்ல ஆண் ஃபேட்ஹெட் மின்னோ மீன்கள்ல வைட்டலோஜெனின் ஏறுச்சு, அப்புறம் அந்த ஏரியில அந்த மீனினமே கிட்டத்தட்ட காலியாச்சு. ஒரே ஒரு புரோட்டீன் ஒரு ஏரிக்கு முன்னாடியே எச்சரிக்கை கொடுத்திருக்கு, இதைப் படிக்கறப்ப எல்லாம் எனக்கு இந்தத் துறை மேல மரியாதை கூடுது.

அதனால உங்க கேள்வி "இந்தக் கெமிக்கல் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடக்குதா இல்லையா"ங்கறது மட்டும்தான்னா ஆயிரக்கணக்குல புரோட்டீன் அளக்க வேண்டிய தேவையே இல்லை, ஆண் ஜீப்ராஃபிஷ், 21 நாள், வைட்டலோஜெனின் எலைசா, முடிஞ்சது. ஓஈசிடிங்கற நாடுகள் கூட்டமைப்போட 230ஆம் நம்பர் டெஸ்ட் கைட்லைனே கிட்டத்தட்ட இதுதான். பெண் மீன்ல அதே புரோட்டீன் இறங்குச்சுன்னா ஈஸ்ட்ரோஜனைச் செய்யற அரோமடேஸ் என்சைமைத் தடுக்கற கெமிக்கலா இருக்கலாம்னு சந்தேகப்படலாம், பூஞ்சைக்கொல்லி சிலது அப்படித்தான். ஆண்ட்ரோஜன் பக்கம் கேள்வின்னா ஸ்டிக்கில்பேக் மீன் இருக்கு, ஆண் மீன் கூடு கட்டறதுக்குச் சிறுநீரகத்துல ஸ்பிகின்னு ஒரு பசைப் புரோட்டீனைச் செய்யும், பெண் மீன்ல அது வந்துச்சுன்னா தண்ணில ஆண்ட்ரோஜன் இருக்குன்னு அர்த்தம்.

எலைசாவுல சிக்கல் ஆண்டிபாடிதான். ஜீப்ராஃபிஷுக்கு கிட் கிடைக்கும், நம்ம ஊர் ஆத்து மீனுக்குக் கிடைக்கறது கஷ்டம், வேற மீனோட ஆண்டிபாடி ஒட்டும் ஒட்டாது. அந்த மாதிரி இடத்துல பிஆர்எம்னு சொல்ற டார்கெட் மாஸ் ஸ்பெக் நல்ல வழி, அந்த மீனோட ஜீன் சீக்வென்ஸ் தெரிஞ்சா போதும், ஆண்டிபாடி வேண்டாம். ஆனா எந்தப் பெப்டைடை (புரோட்டீனை வெட்டுனா வர்ற துண்டு) அளக்கறோம்னு பார்த்து எடுங்க. வைட்டலோஜெனின்ல பாஸ்விடின்னு ஒரு பகுதி முழுக்க செரீன், அதுல பாஸ்பேட் ஒட்டியிருக்கும், ட்ரிப்சின் என்சைம் அதை வெட்டறதும் சரியா நடக்காது, மெஷின்லயும் சரியா வராது. லிப்போவிடெலின்ங்கற இன்னொரு பகுதியில இருந்து எடுத்தா பிரச்சனை இல்லை. ஜீப்ராஃபிஷ்ல வைட்டலோஜெனின் ஜீனே பல இருக்கு, அதுல வைட்டலோஜெனின் 1க்கு மட்டும் சொந்தமான பெப்டைடா இருக்கணும்.

இப்ப கேள்வி "என்ன பண்ணுது, எந்த வழியா பண்ணுது"ன்னு மாறுனா கதையே வேற. விலங்குல இருந்து ஆரம்பிப்போம்.

ஜீப்ராஃபிஷ் மலிவு, எண்ணிக்கை நிறைய வைக்கலாம், தண்ணிலயே டோஸ் கொடுக்கலாம். ஆனா புரோட்டியோமிக்ஸ்னு வந்தா மூணு தொல்லை. ரத்தம் சில மைக்ரோலிட்டர்தான் கிடைக்கும். எலும்பு மீன்கள்ல பழங்காலத்துல ஜீனோம் ஒரு தடவை இரட்டிப்பானதால நிறைய ஜீனுக்கு இரண்டு காப்பி இருக்கு, ஒரே பெப்டைட் இரண்டுக்கும் பொருந்தும், எது ஏறுச்சுன்னு சொல்ல முடியாம நிப்பீங்க. அரோமடேஸையே எடுத்துக்கோங்க, ஓவரில ஒண்ணு, மூளைல ஒண்ணு, ஈஸ்ட்ரோஜனுக்கு ரெண்டும் ஒரே மாதிரி நடந்துக்காது. மூணாவது கரு, முதல் சில நாள் எம்ப்ரியோவை அப்படியே அரைச்சா டேட்டா முழுக்க மஞ்சள் கரு புரோட்டீன்தான், அதாவது அம்மா போட்டுவிட்ட வைட்டலோஜெனின் துண்டுகள், நீங்க தேடுற கெமிக்கலோட விளைவுன்னு அதைத் தப்பா படிக்கவும் வாய்ப்பு இருக்கு. மஞ்சள் கருவை நீக்கிட்டுத்தான் பண்ணணும், அதுக்குத் தனி ப்ரோட்டோகால் 2006லயே வந்தாச்சு.

எலின்னா, கருவுல இருக்கறப்ப நடக்கற பாதிப்பைப் பார்க்க அதை விட்டா வேற நல்ல வழி எனக்குத் தெரியல. எலிக் கருவுல ஏறக்குறைய 15.5ஆம் நாள்ல இருந்து 18.5ஆம் நாள் வரைக்கும் ஒரு ஜன்னல், ஆண் உறுப்புகள் எல்லாம் எப்படி வளரணும்னு ஆண்ட்ரோஜன் தீர்மானிக்கற நேரம் அது. டைபியூட்டைல் தாலேட்டை அந்த நேரத்துல தாய்க்குக் கொடுத்தா குட்டியோட டெஸ்டிஸ்ல (விரை) டெஸ்டோஸ்டிரோன் செய்யற வரிசை முழுக்க இறங்கும், ஸ்டார், சிஒய்பி11ஏ1, சிஒய்பி17ஏ1, கூடவே விரை கீழ இறங்கறதுக்குத் தேவையான ஐஎன்எஸ்எல்3. குட்டி பிறந்தப்புறம் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல இருக்கற தூரத்தை அளந்தாலே வித்தியாசம் தெரியும், பெண் குட்டி மாதிரி குறைஞ்சிருக்கும். இதுல ஒரு எச்சரிக்கை, ஸ்டார் குறைஞ்சிருக்குன்னா டெஸ்டோஸ்டிரோன் செய்யற லேடிக் செல் ஒவ்வொண்ணும் கம்மியா செய்யுதா இல்ல செல்லோட பங்கே கம்மியாச்சான்னு மொத்த டெஸ்டிஸை அரைச்ச டேட்டா சொல்லாது. ஹிஸ்டாலஜி ஸ்லைடு (மைக்ராஸ்கோப்ல பார்க்கற திசு வெட்டு) கூடவே வச்சுக்கோங்க.

வளர்ந்த எலின்னா ஈரலை நான் விடமாட்டேன். ஆண் எலி ஈரல்ல ஆல்ஃபா-2யு குளோபுலின்னு ஒரு புரோட்டீன் ஏராளமா இருக்கும், ஆண்ட்ரோஜன் இருந்தாத்தான் வரும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா இறங்கும், சிறுநீர்லயும் வெளிய வரும். சிஒய்பி2சி11 ஆணுக்கு, சிஒய்பி2சி12 பெண்ணுக்குன்னு என்சைமே பால் பார்த்துப் பிரிஞ்சிருக்கு. அதனால ஆண் எலி ஈரல் கொஞ்சம் பெண் ஈரல் பக்கம் சாய்ஞ்சா ஒரே ரன்ல பல புரோட்டீன் சேர்ந்து சாட்சி சொல்லும், ஒத்தைப் புரோட்டீனை நம்பி நிக்க வேண்டியதில்லை.

சுண்டெலி எடுக்கறவங்க ஸ்ட்ரெய்ன் (எந்த வளர்ப்பு வகை) விஷயத்துல கவனமா இருக்கணும். 1999ல சயின்ஸ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஈஸ்ட்ரடயாலுக்கு சிடி-1 எலியோட டெஸ்டிஸ் ரொம்பத் தாக்குப் பிடிக்குது, சி57பிஎல்/6க்கு அதை விட எவ்வளவோ கம்மி டோஸே பாதிப்பைக் கொடுக்குதுன்னு. நிறையக் குட்டி போடணும்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்த ஸ்ட்ரெய்ன்ல "எந்த மாற்றமும் இல்லை"ன்னு முடிவு வந்தா அது கெமிக்கலைப் பத்தின முடிவா அந்த எலியைப் பத்தின முடிவான்னு யோசிக்கணும். இதுக்கு நல்ல மருந்து, எதினைல் ஈஸ்ட்ரடயால் கொடுத்த ஒரு குரூப் கட்டாயம் வைக்கறது. அமெரிக்காவுல எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) லேபுல பிபிஏவை, அதாவது பிஸ்பீனால் ஏவை வச்சு நடந்த கிளாரிட்டி-பிபிஏ ஆய்வுல அப்படித்தான் வச்சாங்க, கிலோவுக்கு தினம் 2.5 மைக்ரோகிராம்ல இருந்து 25,000 மைக்ரோகிராம் வரைக்கும் அஞ்சு டோஸ் பிபிஏ, பக்கத்துலயே எதினைல் ஈஸ்ட்ரடயால். புரோட்டியோமிக்ஸுக்கு இது இரட்டை லாபம், உங்க எலி ஈஸ்ட்ரோஜனுக்கு அசையுதுங்கறது தெரியும், உங்க கெமிக்கலோட பேட்டர்ன் அதோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னும் ஒப்பிடலாம்.

இனி மெஷின் பக்கம். 2டி ஜெல் 1975ல இருந்து இருக்கு, கலர் போட்டு ஒப்பிடற டிஐஜிஈ 1997ல வந்துச்சு, துறை வளர்ந்ததே அதுலதான். ஆனா இந்த வேலைக்கு இன்னைக்கு அதை எடுக்காதீங்க. சிஒய்பி என்சைம் எல்லாம் மெம்ப்ரேன்ல ஒட்டிக்கிட்டு இருக்கறது, ஜெல்ல சரியா ஏறாது, நமக்கு வேண்டியதே அதுதான், முதலுக்கே மோசம். சாம்பிளும் நிறைய கேக்கும், கரு எலியோட டெஸ்டிஸ் மில்லிகிராம் கணக்குல இருக்கற சமாச்சாரம், பல குட்டியோடதை ஒண்ணா கலக்க வேண்டி வரும், கலந்துட்டா குட்டிக்குக் குட்டி வித்தியாசம் அதோட போச்சு. இன்னொண்ணு, 2008ல ஒரு ஆய்வு 2டி ஜெல் பேப்பர்களை அடுக்கி வச்சுப் பார்த்துச்சு, என்ன நோய், என்ன கெமிக்கல்னு பார்க்காம அதே ஈனோலேஸ், பெராக்ஸிரிடாக்ஸின், ஹீட் ஷாக் புரோட்டீன் திரும்பத் திரும்ப "மாறியிருக்கு"ன்னு வந்திருந்துச்சு. அது செல் கஷ்டப்படறதோட பொது அடையாளம், கூடவே ஜெல்ல தெரியறது எப்பவும் அதிகமா இருக்கற புரோட்டீன்கள்தான். உங்க பிபிஏ பேப்பர்ல இந்த மூணுதான் மெயின் ரிசல்ட்னா ஹார்மோனைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுதான் அர்த்தம். ஒரே புரோட்டீனோட வெவ்வேறு வடிவங்கள் வரிசையா புள்ளி புள்ளியா தெரியணும்னா மட்டும் ஜெல்லுக்கு இன்னும் இடம் இருக்கு.

டிஎம்டியா டிஐஏவாங்கறதுதான் உண்மையான போட்டி. டிஎம்டில ஒவ்வொரு சாம்பிளோட பெப்டைடுக்கும் ஒரு ரசாயன லேபிள் ஒட்டி 16, 18 சாம்பிளை ஒண்ணா கலந்து ஓட்டுவாங்க. எல்லாம் ஒரே ரன்ல போறதால சின்ன வித்தியாசம் கூட துல்லியமா வரும், ஒரு செட்டுக்குள்ள காலி கட்டங்கள் கம்மி, துண்டு துண்டா பிரிச்சு ஓட்டுனா ஆழமும் கிடைக்கும். குறை என்னன்னா மடங்கு சுருங்கிடும், கூடவே வர்ற வேற பெப்டைடோட லேபிளும் சேர்ந்து எண்ணப்படறதால, 100 மடங்கு ஏறுனது அதை விட ரொம்பக் கம்மியா தெரியலாம். வைட்டலோஜெனின்லயும் ஆல்ஃபா-2யுலயும் இது பெரிய அடி, ஏன்னா "ஒண்ணுமே இல்லை"க்கும் "ஏராளம்"க்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே நாம தேடுறோம். துண்டை மறுபடியும் உடைச்சு அளக்கற எம்எஸ்3 வசதி உள்ள மெஷின்ல ஓட்டுனா ஓரளவு சரியாகும், ஆனா அந்த மெஷின் எல்லா ஃபெசிலிட்டிலயும் இருக்காது.

அதை விடப் பெரிய பிரச்சனை சாம்பிள் எண்ணிக்கை. ஹார்மோன் கெமிக்கல்ல டோஸ் கூடக்கூட விளைவு கூடும்னு நம்ப முடியாது, கம்மி டோஸ்ல ஏறி, நடுவுல அடங்கி, மேல வேற மாதிரி போகலாம், அதனால டோஸ் நிறைய வேணும். நாலு குரூப், குரூப்புக்கு எட்டு தாய், ஒவ்வொரு தாய்க்கும் ஒரு ஆண் குட்டி ஒரு பெண் குட்டின்னு வச்சாலே 64 சாம்பிள், 16 போடற டிஎம்டில நாலு செட், நடுவுல பொது ரெஃபரன்ஸ் வேற வைக்கணும்னா அஞ்சாவது செட்டுக்குத் தாவும். செட்டுக்கு செட் அதே பெப்டைட் பிடிபடாது, செட்டுக்குள்ள இல்லாத ஓட்டை செட்டுகளுக்கு நடுவுல விழும், லேபிள் செலவும் கூடும்.

டிஐஏல ஒவ்வொரு சாம்பிளும் தனி ரன், மெஷின் குறிப்பிட்ட பெப்டைடைத் தேர்ந்தெடுக்காம குறுக்கே வர்ற எல்லாத்தையும் ஜன்னல் ஜன்னலா உடைச்சுப் பதிவு பண்ணும். பழைய டிடிஏ முறையில மெஷின் அந்த நேரத்துல பெருசா தெரியறதை மட்டும் எடுக்கறதால ஒரு சாம்பிள்ல இருக்கறது இன்னொண்ணுல இல்லாம போகும், அந்த ஓட்டை டிஐஏல ரொம்பக் குறையுது. ஒரு ரன்னுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழ பெப்டைட் போதும், அதனால கரு டெஸ்டிஸை ஒவ்வொரு குட்டிக்கும் தனியாவே ஓட்டலாம், கலக்க வேண்டாம், எனக்கு இது ஒண்ணே போதுமான காரணம். டிஐஏ-என்என் சாஃப்ட்வேர் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம், நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தா சரி. குறைன்னா, எல்லா சாம்பிளும் ஓடி முடிய நாள் ஆகும், அதுக்குள்ள பெப்டைடைப் பிரிக்கற குழாய் (column) தேயும், சிக்னல் இறங்கும். கண்ட்ரோல் எல்லாம் திங்கக்கிழமை, டோஸ் கொடுத்தது எல்லாம் வியாழக்கிழமைன்னு ஓட்டிட்டா அந்த டேட்டாவை யாராலயும் காப்பாத்த முடியாது. வரிசையைக் கலைச்சுப் போடுங்க, எல்லா சாம்பிள்லயும் கொஞ்சம் எடுத்துக் கலந்த ஒரு கியூசி (தரச் சோதனை) சாம்பிளை நடுநடுவுல ஓட்டிக்கிட்டே வாங்க.

நார்மலைசேஷனையும் (சாம்பிள்களை ஒப்பிடறதுக்காகச் சமன் பண்றது) இங்கயே சொல்லிடறேன். அதிக டோஸ் கொடுத்த ஆண் மீன் ரத்தத்துல வைட்டலோஜெனின் மொத்தப் புரோட்டீன்ல பெரிய பங்கைப் பிடிச்சுக்கும். எல்லா சாம்பிள்லயும் ஒரே அளவு புரோட்டீன் ஏத்துனீங்கன்னா மத்த புரோட்டீனுக்கு இடம் குறையும், மொத்த சிக்னலை வச்சு சமன் பண்ணா டிரான்ஸ்ஃபெரின், அப்போலிப்போபுரோட்டீன் எல்லாம் "இறங்கிடுச்சு"ன்னு லிஸ்ட் வரும், உண்மையில அதுங்க நகர்ந்தே இருக்காது. ஒரு தட்டுல யாரோ ஒருத்தர் மலை மாதிரி சோத்தைக் கொட்டிட்டா பொரியல் குறைஞ்ச மாதிரி தெரியற கதைதான். மீடியன் வச்சு சமன் பண்ணுங்க, அதுலயும் முதல்ல வைட்டலோஜெனின் குடும்பத்தை ஒதுக்கிட்டுப் பண்ணுங்க.

சிலாக் (தீவனம் வழியாவே லேபிள் ஏத்தற முறை) பத்தி ஒரு வரி, கனமான லைசீன்ங்கற அமினோ அமிலம் கொடுத்து வளர்த்த சுண்டெலி 2008லயே வந்தாச்சு, அழகான வேலை, ஆனா தீவனச் செலவுக்கே கிராண்ட் காலியாகும். ஆர்என்ஏ-சீக் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஆர்என்ஏவை அளக்கறது) மலிவாச்சே, அதையே பண்ணக் கூடாதான்னும் கேப்பீங்க. டோஸ் கொடுத்து சில மணி நேரத்துல பார்க்கறதா இருந்தா ஆர்என்ஏதான் சரி, நான் அதையே சொல்வேன். வாரக்கணக்குல கொடுத்துட்டுப் பார்க்கறதுன்னா புரோட்டீன்தான் நிலைச்சு நிக்கறது, ரத்தத்துலயும் சிறுநீர்லயும் பார்க்கணும்னா கேள்வியே இல்லை.

இப்ப எண்ணிக்கைக்கு வரேன், இந்தத் துறையில நிறைய பேப்பர் விழுறது இங்கதான். பத்து தாய் எலிக்கு டோஸ் கொடுத்து ஒவ்வொண்ணும் எட்டு குட்டி போட்டா உங்க எண்ணிக்கை 80 கிடையாது, 10தான். ஒரே ஈத்துல பிறந்த குட்டிங்க ஒரே வயித்துல ஒரே டோஸ் வாங்குனதுங்க, தனித்தனி சாட்சி ஆகாது. புரோட்டியோமிக்ஸ்ல இது இன்னும் மோசமாகும், ஏன்னா ஆயிரக்கணக்கான புரோட்டீனை ஒரே நேரத்துல டெஸ்ட் பண்றோம், போலி எண்ணிக்கை வச்சா போலி ஹிட்டு நூத்துக்கணக்குல கொட்டும். மூணு தாய் வச்சு ஆழமா டிஎம்டி பண்றதை விட பத்து தாய் வச்சு சாதாரண டிஐஏ பண்றது எவ்வளவோ மேல். அனிமல் எத்திக்ஸ் கமிட்டில எலி எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னா இந்தக் கணக்கைக் காட்டி வாதாடுங்க, எண்ணிக்கை பத்தாம பண்ணி முடிவே வராம போனா அந்த எலிங்க உசுரும் வீண். வளர்ந்த பெண் எலின்னா 4, 5 நாள் ஈஸ்ட்ரஸ் (இனப்பெருக்க) சுழற்சி இருக்கு, எந்தக் கட்டத்துல எடுத்தோம்னு ஸ்மியர் பார்த்துக் குறிச்சு வைக்காம எடுத்தா கெமிக்கலோட விளைவு அந்த ஏற்ற இறக்கத்துல காணாம போயிடும்.

கூண்டும் தீவனமும் அடிமடியிலயே கை வைக்கற விஷயம். 1998ல பாட்ரிசியா ஹண்ட் லேபுல தப்பான டிடர்ஜென்ட் போட்டு பாலிகார்பனேட் கூண்டையும் தண்ணி பாட்டிலையும் கழுவிட்டாங்க, அதுல இருந்து பிபிஏ கசிஞ்சு, எந்த டோஸும் வாங்காத கண்ட்ரோல் சுண்டெலிகளோட முட்டை செல்கள்ல 1, 2 சதவீதமா இருந்த குரோமோசோம் கோளாறு 40 சதவீதத்துக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி அமெரிக்காவோட டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் ஈஸ்ட்ரோஜனே போடாத மார்பகப் புற்றுநோய் செல்கள் தானா பெருகறதைப் பார்த்துத் துருவி, பிளாஸ்டிக் டியூப்ல இருந்து நோனைல்ஃபீனால் வருதுன்னு 1991ல சொன்னாங்க. 1993ல ஸ்டான்ஃபோர்ட்ல ஈஸ்ட்ல ஈஸ்ட்ரோஜன் இருக்குன்னு தேடிப் போனா அது ஆட்டோகிளேவ் பண்ண பாலிகார்பனேட் ஃபிளாஸ்க்ல இருந்து வந்த பிபிஏ. அதனால பாலிப்ரொப்பிலீன் கூண்டு, கண்ணாடி பாட்டில், சோயா இல்லாத கேசீன் தீவனம். சாதாரண எலித் தீவனத்துல சோயா இருக்கும், அதுல ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன்னு செடி ஈஸ்ட்ரோஜன், மூட்டைக்கு மூட்டை அளவு மாறும், கண்ட்ரோல் குரூப்பே ஏற்கனவே ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா நீங்க கொடுக்கற சின்ன டோஸ் என்னத்தைக் காட்டும். இதுக்குப் போற காசு மெஷின் நேரத்தை விடக் கம்மிதான்.

டோஸ் எதுன்னு முடிவு பண்றப்ப 2023ல ஐரோப்பாவோட உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஈஎஃப்எஸ்ஏ பண்ணதைப் பாருங்க, பிபிஏவுக்கு ஒரு நாள்ல தாங்கக்கூடிய அளவை கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்ல இருந்து 0.2 நானோகிராமுக்கு இறக்குனாங்க, 20,000 மடங்கு. அதுக்கு அடிப்படையா எடுத்தது கர்ப்பப்பையும் இல்லை டெஸ்டிஸும் இல்லை, சுண்டெலியோட டிஹெச்17ங்கற எதிர்ப்புசக்தி செல் கூடுனது. அதனால எலியை வெட்டறப்ப மண்ணீரலையும் ஒரு டியூப்ல போட்டு மைனஸ் 80ல வச்சிடுங்க, இன்னைக்கு ஓட்டக் காசு இல்லைன்னாலும் பரவாயில்லை.

பிபிஏவுக்குப் பதிலா வந்த பிபிஎஸ் மாதிரி ஒண்ணை எலியில பார்க்கறீங்கன்னு வச்சுக்கிட்டா என் தேர்வு இது: கண்ட்ரோல், மூணு டோஸ், எதினைல் ஈஸ்ட்ரடயால், குரூப்புக்குப் பத்து தாய், ஆண் பெண் தனித்தனியா ஈரல் டிஐஏ, கரு டெஸ்டிஸ் வேணும்னா அதுக்குத் தனி பேட்ச். மெஷின் நேரம் பாதிதான் கிடைக்கும்னா பெண் குட்டிங்களோடதை ஃபிரீசர்ல வச்சுட்டு அடுத்த வருஷம் ஓட்டுங்க, தாய் எண்ணிக்கையில மட்டும் கை வைக்காதீங்க. வந்த லிஸ்ட்ல இருந்து 15, 20 புரோட்டீனை எடுத்து கனமான ஐசோடோப் பெப்டைட் போட்டு பிஆர்எம்ல உறுதி பண்ணுங்க, ஸ்கைலைன் சாஃப்ட்வேர் இலவசம். ரிவ்யூவர் வெஸ்டர்ன் ப்ளாட் கேப்பாங்கன்னு பயந்து எலிக்குச் சரியா ஒட்டாத ஆண்டிபாடிக்குக் காசைக் கொட்டாதீங்க, பிஆர்எம் அதை விடக் கறாரான சாட்சி. ஆனா அந்த உறுதி பண்ற ரன் அதே ஈரலோட மிச்சத் துண்டுல இருக்கக் கூடாது, வேற தாய்கள், வேற மாசத்துல டோஸ் கொடுத்த இரண்டாவது பேட்ச், அதுலயும் அதே பக்கம் சாய்ஞ்ச புரோட்டீனை மட்டும் பேப்பர்ல எழுதுங்க.